ஏழு முடிந்தவர்கள் ஏறும் மலை

நம் புதுச்சேரிக்காரர்களுக்கு மேடு என்றால் என்னவென்றே தெரியாது. கடற்கரைச் சாலையில் சைக்கிளைக் கிளப்பினால் விழுப்புரம் ரோடு வரைக்கும் எழுந்து மிதிக்க வேண்டிய இடம் ஒன்று கிடையாது. பள்ளிக்கூடத்தில் மலை வரையச் சொன்னால் நாமெல்லாம் மூன்று முக்கோணம் போட்டு நடுவில் சூரியனைச் செருகியவர்கள். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

போன வாரம் நம் காலைநடைக் குழுவில் ஒருவர் படம் போட்டிருந்தார். மலை உச்சி, பேரன், நெற்றி நிறையத் திருநீறு. கீழே ஒரு வரி: "நாலு வயசுதான், ஒரே மூச்சுல ஏறிட்டான்." எல்லோரும் கட்டைவிரல் காட்டியிருந்தீர்கள். நான் காட்டவில்லை. "அந்தம்மா மட்டும் ஏன் ஒண்ணும் சொல்லல" என்று அவர் கேட்டதாகக் காதுக்கு வந்தது. பொறாமை இல்லை ஐயா. படத்தைப் பார்த்ததும் பையனின் உதட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன், காய்ந்திருக்கிறதா என்று. காயவில்லை. நன்றாக இருக்கட்டும். வாயாடி என்று எனக்கு ஊரெல்லாம் பெயர் இருந்தும் இந்த ஒன்றை யாரிடமும் பேசியதில்லை. எழுதினால் வருகிறதா என்று பார்க்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குச் 'சொல்தா வீடு' என்றுதான் பெயர். தபால்காரர்கூட எண்ணைப் பார்க்க மாட்டார். சொல்தா என்றால் பட்டாளத்துக்காரர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பிள்ளைகள் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அப்பா விடுப்பில் வருவார். அவர் போன பிறகும் அந்தத் தகரப்பெட்டியில் சோப்பு வாசனை ஆறு மாசம் இருக்கும். யாரும் இல்லாதபோது மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொள்வேன்.

அந்தப் பெட்டியின் அடியில் லிவ்ரே இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கல்யாணத்தன்று கொடுக்கும் குடும்பப் புத்தகம். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது, துணி ஒட்டிய அட்டை. முதலில் புருஷன் பெண்டாட்டி, அப்புறம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் மேல்பாதியில் பிறப்பு, கீழ்ப்பாதியில் இறப்பு. பின்னால் வீடு மாறிய போது அது எங்கோ தொலைந்துபோனது. ஆனால் அந்தப் பக்கங்களின் வழவழப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது.

என் பக்கத்துக்கு அடுத்த பக்கம் என் தங்கையுடையது. அவள் பிறந்ததை அப்பாவின் அண்ணன், அதாவது பெரியப்பா, விடுப்பில் வந்திருந்தபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டுப் பதிந்தார். ஒன்றேகால் வயதில், மழைக்காலத்தில், பாகூர் பக்கம் அம்மாவின் ஊருக்குப் போயிருந்தபோது காய்ச்சலில் அந்தக் குழந்தை போய்விட்டது. அன்று சாயந்தரமே புதைத்துவிட்டார்கள். அப்பா பிரான்சில், பெரியப்பாவும் எங்கோ ஆப்பிரிக்காவில். புதுச்சேரிக்கு வந்து அதைப் பதிய யாருக்கும் தோன்றவில்லை. கீழ்ப்பாதி காலியாகவே இருந்தது.

அப்புறம் அப்பா விடுப்பில் வந்து போனார். பாப்பா பிறந்தாள். பாப்பா என்றே அவளைச் சொல்கிறேன், அதுதான் அவளுடைய சொந்தப் பெயர் போல எனக்கு. அவளும் அதே ஊரில்தான் பிறந்தாள். பதிய வேண்டிய கெடு தாண்டிப்போனது. இனிமேல் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார்கள். குடும்பத்தை அழைத்துப்போக அப்பா மனுப் போட்டிருந்த சமயம் அது.

என் மாமா, அம்மாவின் தம்பி, பஞ்சாலையில் வேலை செய்தவர், எதையும் இரண்டு வரியில் முடிப்பார். "ஒரு காயிதம் இருக்குது, புள்ள இல்ல. ஒரு புள்ள இருக்குது, காயிதம் இல்ல. ரெண்டயும் சேத்து வெச்சா முடிஞ்சிதுக்கா" என்றார். இதைச் சொன்னபோது அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். முடிந்தது. குருசுக்குப்பத்துப் பக்கம் நாங்கள் இருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு, எங்களைத் தெரியாத ரெட்டியார்பாளையத்துக்கு வந்தோம். அடுத்த விடுப்பில் வந்த அப்பாவுக்கு விஷயத்தைச் சொன்னார்கள். அவர் லிவ்ரேயை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "எங்கண்ணனுக்கு மட்டும் தெரியக்கூடாது" என்றார்.

ஏன் என்று கேட்காதீர்கள், சொல்கிறேன். பெரியப்பா அப்படிப்பட்ட மனிதர். ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் அவரைத் தேடி ஒருவர் வந்தார். வந்தவரைப் பத்து வருஷமாகத் தெரியும் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். பெரியப்பா விரல்விட்டு எண்ணிவிட்டு, "ஒம்பதுதான் ஆவுது. ஒம்பதுன்னு போட்டு எடுத்துக்கினு வா, போடறேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வந்தவர் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கதை எங்கள் வீட்டில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லப்படும். சிரித்து முடித்ததும் அம்மா முகம் மாறிவிடும்.

ஆக, பாப்பாவுக்கு இரண்டரை வயது கூடிப்போனது. பெரியப்பா வந்தபோது அவளுக்கு நிஜத்தில் மூன்றரை, லிவ்ரேயில் ஆறு. அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, எந்த வயதில் பிள்ளை எவ்வளவு உயரம் இருக்கும் என்று தெரியாது. "ஏன் வத்தலாட்டம் இருக்கறா?" என்று கேட்டார். டைபாய்டு வந்து வளர்த்தி நின்றுவிட்டது என்று மாமா சொன்னார். அன்றிலிருந்து பெரியப்பா சனிக்கிழமை தோறும் சிவப்பு டானிக் ஒரு புட்டி கொண்டுவந்து வைப்பார்.

வீட்டுக்குள் ஒரு சட்டம் இருந்தது. தெருக்கதவு திறந்திருந்தால் பாப்பா ஏழு வயதுக்காரி. விரல் சூப்பக்கூடாது, மடியில் ஏறக்கூடாது, செத்துப்போன அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் "இன்னாம்மா" என்று திரும்ப வேண்டும். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் சின்னப்பிள்ளை. அம்மா சோறு ஊட்டுவாள். பாப்பா சில நாள் தானே ஓடிப்போய்க் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு, எட்டாத தாழ்ப்பாளுக்காக என்னைப் பார்த்துக் கையை ஆட்டுவாள். தாழ் விழும் சத்தம் கேட்டதும் விரல் வாய்க்குப் போய்விடும். எனக்கு அது விளையாட்டாகத்தான் தெரிந்தது. அவளுக்கும்.

அப்பா அனுப்பிய கவுன் ஏழு வயது அளவு. கீழே ஒரு சாண் மடித்துத் தைத்தாலும் தரையைக் கூட்டும். காலுக்குக் கருநீலக் கேன்வாஸ் ஷூ, முன்னால் துணி அடைத்துப் போட்டுவிடுவோம். நடந்தால் டப் டப் என்று வாத்து போல வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தெருப்பிள்ளைகள், "பிரான்சு வாத்து வருது, வழி உடுங்க" என்பார்கள். பாப்பாவுக்கு அதில் கோபமே வராது. வாத்து மாதிரியே கழுத்தை நீட்டிக் காட்டுவாள்.

அந்த மாசியில் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது, பள்ளிக்கூடம் விட்டதும் கிளம்பலாம். பெரியப்பா கடிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நடுக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புருஷனின் அண்ணனோடு அம்மா நேராகப் பேச மாட்டாள். அவர் எதிரில் நிற்கவும் மாட்டாள். அவர் நாற்காலியில், அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால், நடுவில் நான். அவர் சொல்வது அவளுக்குக் கேட்கும், அவள் சொல்வது அவருக்குக் கேட்கும். இருந்தாலும் நான் ஒரு தடவை எடுத்துச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. நம் வீடுகளில் எல்லாம் இது உண்டு. என்னைப் போல வாயாடிப் பெண் இருந்த வீட்டில் பெரியவர்களுக்கு வசதியாக இருந்தது.

"ஒங்கம்மாகிட்ட சொல்லு. பங்குனி வெயில் ஏறதுக்குள்ள சின்னவள மலைக்குக் கூட்டிகினு போயிடணும்."

"அம்மா, பெரியப்பா மலைக்குப் போவணும்னு சொல்றாரு."

"புள்ளைக்கு ஒடம்பு தேறட்டும்னு சொல்லுடி."

"ஒடம்பு தேறட்டுமாம் பெரியப்பா."

"அங்க போயிட்டா எவன் கூட்டியாருவான்? ஏழு முடிஞ்சிடுச்சில்ல. ஏழு முடிஞ்ச புள்ள மலையேறாம நம்ம வூட்ல ஒருத்தரும் கடல் தாண்டுனது இல்லன்னு சொல்லு."

அப்பா வீட்டு வழக்கம் அது. செஞ்சிக்கு அந்தப் பக்கம் ஒரு மலை. பெயர் சொல்ல மாட்டேன், மலை மேல் பழி இல்லை. உச்சியில் குலசாமி. ஏழு முடிந்த பிள்ளை தன் காலாலேயே ஏறி, மேலே ஒரு கொத்து முடியைக் கொடுக்க வேண்டும். நடுவில் யாரும் தூக்கக்கூடாது. தூக்கினால் அடிவாரத்துக்கு இறங்கி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். நான் மூன்று வருஷம் முன்னால் அப்பாவோடு ஏறியிருந்தேன். பாதிக்கு மேல் படி இல்லை, வழுக்குப் பாறையில் இரும்புக் கம்பி அடித்திருப்பார்கள். ஏழு வயதிலேயே எனக்குப் பயத்தில் மூத்திரம் வந்துவிட்டது.

பெரியப்பா போனதும் அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டாள். "எப்பிட்றா ஏறுவா? நாலர வயசுடா."

"ரொம்ப மறிச்சீன்னா அவருக்கு சந்தேகம் வந்துரும்க்கா. கண்டுபுடிச்சார்னா நேரா பிரெஞ்சு ஆபீசுக்குப் போயி சொல்லிட்டுதான் மறுவேல பாப்பாரு. ஒனக்கு அனுமதியும் இல்ல, மச்சானுக்கு வேலையும் இல்ல. ஒரு நாளு, நாலு மணி நேரம். கைய புடிச்சி இழுத்துக்கினு போயிடலாம்."

அம்மாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. என் மகளுக்கு இப்போது அதைவிடப் பத்து கூட. மாமாவுக்கு இருபத்திரண்டு. இதை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் ஆறும். நமக்குப் பெரியவர்களாகத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அப்போது என்ன வயது என்று நீங்களும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அன்று கதவைச் சாத்திவிட்டு அம்மா பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். "மலைல 'தூக்கு'ன்னு மட்டும் கேக்கக் கூடாது. கேட்டா சாமி கோவிச்சிக்கும். அப்பாகிட்ட போவ முடியாது. சரியா?"

"கால் வலிச்சா?"

"அக்கா கைய புடிச்சிக்கோ."

"ரெண்டு கால் வலிச்சா?"

"ரெண்டு கைய புடிச்சிக்கோ."

பாப்பா அதைக் கேட்டுச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

முதல் நாளே பஸ்ஸில் விழுப்புரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் அடிவாரத்துச் சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். விடிந்ததும் ஏற வேண்டியது. ஆனால் பூசாரியின் அடிவாரப் பூசைக்காகக் காத்திருந்ததில் எட்டரை ஆகிவிட்டது. நாங்கள் ஐந்து பேர், சாமி மலை என்பதால் எல்லோரும் வெறுங்கால். பெரியப்பா முன்னால், காக்கி அரைக்கால் சட்டை, இடுப்பில் துணி சுற்றிய பட்டாளத் தண்ணீர்ப் புட்டி. அடுத்து பாப்பாவும் நானும். பின்னால் அம்மா, கடைசியில் மாமா.

முதல் முந்நூறு படி பாப்பா குதித்துக்கொண்டு வந்தாள். குரங்குக் குட்டி தாயின் வயிற்றில் தொங்குவதைப் பார்த்து, "அது நடக்கலக்கா, அதுக்கு ஏழு முடியல" என்றாள். பெரியப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "நீ முடிஞ்சவ. அலே, அலே" என்றார். 'நட, நட' என்பதற்கு அவர் அப்படித்தான் சொல்வார். பாப்பாவும் அலே அலே என்று கையை வீசினாள்.

தண்ணீரை அவர் தன் வசமே வைத்துக்கொண்டார். நின்ற இடத்தில் ஆளுக்கு ஒரு வாய், மூடியில் ஊற்றித் தருவார். "ஏறும்போது தண்ணி குடிச்சா கால் கனக்கும். பாலைவனத்துல நாங்க ஒரு புட்டில ஒரு நாளு நடந்திருக்கறோம்." அந்தக் காலத்தில் பட்டாளத்தில் அப்படித்தான் பழக்கினார்களோ என்னவோ. அவரும் தனக்கு ஒரு வாய்தான் ஊற்றிக்கொண்டார், ஏமாற்றவில்லை. பாப்பா மூடியை நக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பாதி வழியில் ஒரு கல்மண்டபம். அங்கே ஒரு மோர்க்காரம்மா பானையோடு உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் நிழல் கிடையாது. பாப்பா மண்டபத்துத் தரையில் அப்படியே படுத்துக் கன்னத்தைக் கல்லில் ஒட்டிக்கொண்டாள்.

"இத்தினூண்டு புள்ளய நடத்தியாறீங்களே, யாரு வூட்டு ஆளுங்க நீங்க?" என்றாள் மோர்க்காரம்மா.

"ஏழு முடிஞ்சிருக்குதும்மா" என்றார் பெரியப்பா.

"ஏழா? எவன் சொன்னான்? எம் பேத்திக்கு ஏழு. இந்தப் புள்ளய இடுப்புல வெச்சிகினு பக்கத்து ஊருக்கு நடந்து போயிட்டு வருவா." அவள் எழுந்து வந்து பாப்பாவின் தாடையைப் பிடித்தாள். "வாயத் தொற கண்ணு. ஆ காட்டு. பாருங்க, நீங்களே பாருங்க. ஒண்ணும் விழல. அரிசி கோத்த மாதிரி பால்பல்லு அப்பிடியே இருக்குது. ஏழு வயசுல முன்பல்லு விழாத புள்ளய நான் கண்டதில்ல. எங்கிட்ட உட்டுட்டுப் போங்க சாமி, நெழல்ல குந்தியிருக்கட்டும். எறங்கறப்ப கூப்ட்டுக்கலாம்."

பெரியப்பா பாப்பாவின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவள் வாயை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்திருப்பார். கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி என்னிடம், "பல்லு விழலயா இன்னும்? ஒங்கம்மாவக் கேளு" என்றார்.

அம்மா தூணுக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எல்லாம் அவளுக்குக் கேட்டது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். முந்தானையின் முனையைச் சுருட்டிச் சுருட்டி வாயில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மாமா தொலைவில் நின்று இரண்டு தடவை இருமினார். நான் காத்திருந்தேன். வழக்கமாக இத்தனை நேரம் ஆகாது.

அப்புறம் திரும்பி வந்து சொன்னேன். "விழுந்து மொளச்சிடுச்சாம் பெரியப்பா. இவளுக்கு சீக்கிரமே விழுந்துடுச்சாம்."

யாரும் எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா அப்படிச் சொல்லவில்லை. நானே செய்தது. அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வீட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்று. அப்பா வீட்டில் எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்பார்கள்.

பெரியப்பா முகம் தெளிந்தது. ஒரு தாளைப் படித்துப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று மடித்து வைத்தது போல. "அப்ப சரி. பாதி வந்தாச்சு, இனி பாதிதான்" என்று எழுந்தார். மோர்க்காரம்மா ஒரு குவளை மோரை நீட்டினாள். "வயித்துல குலுங்கும், கம்பில ஏறப்ப மயக்கம் வரும். எறங்கி வந்து ரெண்டு குவளையா குடிக்கட்டும்" என்றார். குவளை நீட்டிய கையோடு அவள் அம்மாவைப் பார்த்தாள். "பெத்தவ நீயாவது பேசேன்மா." அம்மா நடந்தாள்.

அதற்கு மேல் பாறை. வெயில் கீழே இருந்தும் அடித்தது. உள்ளங்கால் சுட்டு, நான் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்தேன். பாப்பா அப்படிக்கூடச் செய்யவில்லை. ஒரு நேரத்துக்கு மேல் அவள் பேச்சே நின்றுவிட்டது. கம்பிகளுக்கு அவள் கை எட்டாது. நான் கீழிருந்து அவள் பின்புறத்தில் தோளைக் கொடுத்து முட்டுவேன், மேலிருந்து பெரியப்பா கையைப் பிடிப்பார். தூக்கமாட்டார், பிடிப்பார். அவள் கால் பாறையில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்கக்கூடாது என்று சொன்னதை அவள் கேட்கவே இல்லை. எனக்கு இன்றைக்கும் தாங்காதது அதுதான், அவள் சொல்பேச்சுக் கேட்டது.

ஒரு இடத்தில் உட்கார்ந்து, என் காதருகில் கேட்டாள். "அக்கா, இங்க கதவு எங்க இருக்குது?"

"எதுக்கு?"

"சாத்திட்டா நான் சின்னப்புள்ள ஆயிடுவேன் இல்ல."

அவள் முகம் சிவந்து, தோல் வறண்டு, ஒரு சொட்டு வேர்வை இல்லாமல் இருந்தது. எனக்கு நெற்றியிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தது. அது எதன் அடையாளம் என்று பத்து வயதில் தெரியவில்லை. "உச்சில இருக்குது. அங்க போனா சாத்திக்கலாம்" என்றேன்.

அவள் எழுந்து நடந்தாள். கடைசிப் பாறையை முட்டி போட்டே ஏறினாள்.

உச்சியில் கோயில் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு கல்தூண், மேலே பலகைக்கல், நடுவில் சாமி. நாலு பக்கமும் காற்று. பாப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எங்கக்கா?" என்றாள். எங்களுக்கு முன்னால் ஏறியிருந்த பூசாரி கொடுத்த கத்தரியால் பெரியப்பா அவள் உச்சந்தலையிலிருந்து ஒரு கொத்து முடியை நறுக்கி வைத்தார். வழக்கம் முடிந்தது, இனிமேல் தூக்கலாம். "எஞ் சிங்கம்" என்று இரண்டு கையாலும் வாரித் தலைக்கு மேல் தூக்கினார். தூக்கியதும் அவர் கை தயங்கியது. "இன்னா இது, காத்தாட்டம் இருக்கற." இறக்கித் தோளில் சாய்த்துக் கழுத்தில் கை வைத்தார். "கொதிக்குதே. ஒடம்பு கொதிக்குதே."

பாப்பா அவர் தோளில் வாந்தி எடுத்தாள். அப்புறம் கழுத்து நிற்கவில்லை.

புட்டியில் இருந்த தண்ணீர் முழுவதையும் அவர் அவள் தலையில் ஊற்றினார். பாதிக்கு மேல் இருந்தது அதில். மேல்துண்டால் அவளை முதுகோடு கட்டிக்கொண்டு கம்பி வழியாக இறங்கினார். படி வந்ததும் ஓடினார். ஐம்பத்தைந்து வயது மனிதர். அவர் கால்பட்ட இடங்களில் ரத்தம் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் இறங்கினோம். மண்டபத்தில் மோர்க்காரம்மா எழுந்து நின்றாள். மோரில் நனைத்த துணியை ஓடி வந்து பாப்பாவின் நெற்றியில் போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாம்.

ஒரு வேனைப் பிடித்துப் புதுச்சேரிப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது நாலு மணி இருக்கும். டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். ஊசிக்கு மருந்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டே, "வயசு என்ன?" என்றார்.

"ஏழு" என்றார் பெரியப்பா.

"நாலர."

அம்மாதான். கதவுக்குப் பின்னால் இல்லை. கட்டிலுக்கு இந்தப் பக்கம், பெரியப்பாவுக்கு எதிரில், தலையில் முந்தானைகூட இல்லாமல் நின்றாள். "நாலர முடிஞ்சி பத்து நாளு ஆவுது. ஏழு வயசுக்காரி செத்துட்டா. இது அவளுக்கு அடுத்தது. நாலரைக்குப் போடுங்க."

டாக்டர் ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பெரியப்பா விறைத்து நின்றார், யாரோ உத்தரவு போட்டது போல. என் பக்கம் மட்டும் கண்ணைத் திருப்பினார். நான் கட்டிலுக்கு அடியில் இருந்த வாளியைப் பார்த்துக்கொண்டேன்.

ராத்திரி முழுக்க ஐஸ் கட்டியால் ஒத்தினார்கள். மறுநாள் மத்தியானம் பாப்பா போய்விட்டாள். கண் திறக்கவே இல்லை. விரல் மட்டும் ஒரு தடவை வாய் வரைக்கும் போய்த் திரும்பியது. நர்ஸ் நல்ல அறிகுறி என்றாள்.

ஐந்தாம் நாள் பிரெஞ்சு ஆபீசில் பதிய வேண்டியிருந்தது. இந்தத் தடவை விட முடியாது, ஆஸ்பத்திரிச் சாவு. மாமா வரவில்லை. அவர் இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை. பெரியப்பா ரிக்‌ஷா கொண்டுவந்து, "ஒங்கம்மாவ வரச் சொல்லு. லிவ்ரேவ எடுத்துக்கச் சொல்லு" என்றார். ரிக்‌ஷாவில் அம்மாவும் நானும். அவர் பின்னால் கட்டுப்போட்ட காலோடு சைக்கிளில் வந்தார்.

போகும் வழியெல்லாம் அம்மா லிவ்ரேயைப் புடவைக்குள் வைத்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டு வந்தாள். பெரியப்பா இன்று உண்மையைச் சொல்லிவிடுவார். அப்பாவின் வேலை போகும், வழக்கு வரும், மாமா ஜெயிலுக்குப் போவார். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஒன்பதைப் பத்தாக்க மாட்டேன் என்றவர்.

மர மேசை. மேலே விசிறி. மேசைக்காரர் வெள்ளைத் தாளை நகர்த்திவைத்துவிட்டு உள்ளே யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனார். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். அப்பா பெயர், அம்மா பெயர், ஊர். அவர் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். இறந்தவரின் பெயர், வயது என்ற இடத்தில் பேனா நின்றது.

அம்மா எனக்குப் பின்னால் இரண்டு கை தூரத்தில் நின்றாள்.

"ஒங்கம்மாவக் கேளு" என்றார் பெரியப்பா, தாளைப் பார்த்தபடியே. "யாரு செத்ததா எழுதட்டும்?"

நான் திரும்பினேன். அம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் இரண்டு தடவை அசைந்தது. நானும் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பல்லி சத்தம் போட்டது. உள்ளேயிருந்து மேசைக்காரரின் செருப்புச் சத்தம் திரும்பி வரத் தொடங்கியது.

பெரியப்பா காத்திருக்கவில்லை. பாகூரில் செத்த தங்கையின் பெயரை எழுதினார். வயது: ஏழு. சாட்சி என்ற இடத்தில் தன் பெயர், பட்டாளத்து எண், கையெழுத்து. பக்கத்தில் இருந்த ஒற்றுத்தாளை எடுத்து மையை ஒற்றினார். மேசைக்காரர் வந்து படித்துப் பார்த்து, லிவ்ரேயில் அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் இரண்டு வரி எழுதி முத்திரை போட்டார். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த பக்கம் வெறுமையாகவே இருந்தது, பாப்பாவுக்கு என்று எதுவும் எந்தத் தாளிலும் இல்லை. பெரியப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்களைப் பார்க்காமல் போனார். அதற்கப்புறம் அவர் சாகும்வரை எங்கேயும் யாருக்கும் சாட்சிக் கையெழுத்துப் போடவில்லை என்று சொல்வார்கள்.

ரிக்‌ஷா ரெட்டியார்பாளையம் திரும்பியது. வீட்டு வாசலில் இறங்குவதற்கு முன் அம்மா என் கையைப் பிடித்தாள். என்னிடம் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா தெரியாது.

"எழுதிட்டாரே" என்றாள். "மலைக்கு முந்தியே அவருகிட்ட நானே பேசியிருக்கலாம்."